திரையில் எழும் முதல் மேடு

நான் வேலை பார்க்கும் இடத்தில், தண்ணீரில் என்னென்ன உப்பு கரைந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும் மிஷின் ஒன்று இருக்கிறது. தருமபுரி பஸ் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு மாடியில் இரண்டே அறைகள். போர் போட்டவர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள் என்று பலரும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்ப்பது, சுத்திகரித்த தண்ணீர் பிடித்துவைப்பது, மிஷின் ஓடும்போது மூட்டுகளில் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் நடுவில் பேச்சு வராது. மிஷினிடம் யாரும் பேசச் சொல்வதில்லை என்பதால் இந்த வேலை எனக்கு ஒத்துப்போனது.

மிஷினை ஓட்டுகிறவர் கடத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். என்னைவிட நிறைய இளையவர். அவர் என்னை அண்ணா என்பார், நான் மேடம் என்பேன்.

மிஷினில் ஒரு சின்னப் பம்ப், சோடா உப்பு கரைத்த தண்ணீரை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது நூல் மாதிரியான குழாயில் போய், முதலில் கட்டைவிரல் அளவு ஒரு குட்டி உருளைக்குள் நுழையும். முன்னால் நின்று அழுக்கை வாங்கிக்கொள்வதுதான் அந்தக் குட்டியின் வேலை. அதற்குப் பின்னால் பெரிய உருளை. நாம் செலுத்தும் சொட்டுத் தண்ணீர் அதற்குள் போனதும், அதிலுள்ள உப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகி, தனித்தனியாக வெளியே வரும். வரும்போது கம்ப்யூட்டர் திரையில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் கோடு ஒரு மேடாக எழுந்து இறங்கும். எந்த மேடு எந்த உப்பு என்று வருகிற நேரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது ஃப்ளோரைடு.

எங்கள் மாவட்டத்தில் அந்தப் பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறை. முட்டியில் வலி. எழுந்து நிற்க ஒரு கை சுவரில். நான் அந்த முதல் மேட்டை மட்டும்தான் பார்ப்பேன். அது எழும் விதம், மெதுவாக வளைந்து, உச்சியில் கொஞ்சம் நின்று, அப்புறம் சரிவது, எனக்கு என் அண்ணனின் முதுகு.

இண்டூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் கொட்டாய். காட்டுக்கு நடுவில் ஏழெட்டு வீடுகள் சேர்ந்திருந்தால் எங்கள் பக்கம் அதைக் கொட்டாய் என்பார்கள். அங்கே மேட்டு நிலம் என்பதால் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வந்து சேரவில்லை. எனக்குக் கல்யாணமாவதற்கு முன் ஒரு வறட்சியில் கிணறு அடிமண் தெரிய வற்றிப்போனது. அண்ணன் கிணற்றுக்குப் பக்கத்திலேயே போர் போட்டார். பீறிட்டு வந்த தண்ணீரில் ஊரே நனைந்து ஆடியது. அவ்வளவு ருசியான தண்ணீர். போர் துளைத்தபோது சாம்பல் நிறத்தில் குழைந்து வந்த பாறைமாவை அண்ணனே மம்பட்டியால் வாய்க்கால் வெட்டிக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார். கிணறு இனி எதற்கு என்றுதான் அன்றைக்கு எல்லாருக்கும் தோன்றியது. நான் சில வருடங்களில் வேலை தேடி டவுனுக்கு வந்துவிட்டேன். அவர் அங்கேயே இருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தார்.

எங்களில் யாரும் சொம்பை வாயில் வைத்துக் குடிப்பதில்லை. அண்ணாந்து, உயர்த்திப் பிடித்து, தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வோம். ஒரு பொங்கலுக்குப் போனபோது அண்ணன் சொம்பை உயர்த்தினார். தண்ணீர் மூக்கிலும் மார்பிலும் கொட்டியது. சிரித்தார். அதற்கடுத்த முறை போனபோது தனக்கென்று தனி டம்ளர் வைத்து வாயால் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். கழுத்து பின்னால் போகவில்லை. அப்புறம் முதுகு. கடைசி வருடங்களில் தடியை ஊன்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடியே நடந்தார். எதிரில் வருகிறவர்கள் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்வார்: "கீழ எதையோ போட்டுட்டனப்பா. தேடிக்கிட்டுருக்கறன்."

இறந்த அன்று அவரைப் படுக்கவைக்க முடியவில்லை. முதுகைத் தரையில் வைத்தால் தலை மேலே தூக்கிக்கொண்டது. முழங்கால் மடங்கியே இருந்தது. அழுத்திப் பார்க்கலாம் என்று ஒருவர் கை வைத்தபோது அண்ணி, "வுடுங்க, அவருக்கு வலிக்கும்" என்றார். தலைக்கடியிலும் காலுக்கடியிலும் வைக்கோல் புரி சுருட்டி வைத்தோம். பாடையில் போகும்போதும் அவர் எழுந்து உட்காரப் பார்க்கிறவர் மாதிரியே இருந்தார். நான் பின்பக்கம் தோள் கொடுத்ததால் வழி முழுக்க அந்தத் தலை என் எதிரில் ஆடிக்கொண்டு வந்தது.

அது என்னை விட்டுப் போகவில்லை. மிஷின் பம்ப் விட்டுவிட்டுத் தட்டும் சத்தம், ஒரு காலும் ஒரு தடியும் மாறி மாறி ஊன்றுவது போலக் கேட்கும். பழக்கத்தில் கேட்காமல் போக வேண்டிய சத்தம். எனக்குப் போகவில்லை.

அண்ணனுக்கு ஒரே மகள். சேலத்துப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. போன வருடம் அவள் முழுகாமல் இருந்தாள். வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை வீட்டில் மரியாதையாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் சொல்லிவிட்டார்கள்: அந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்க எங்கள் மருமகளை அனுப்ப மாட்டோம்; தண்ணீர் நல்லது என்று பார்த்துச் சொன்னால் அனுப்புகிறோம். அண்ணிக்கு அவர்கள் மேல் கோபமில்லை. "ஞாயந்தான தம்பி" என்றார். "ஆனா மொதப் பிள்ளைக்கி எம்பொண்ணு எங்கூட்டுக்கு வரலன்னா, அந்த வூடு எதுக்கு?"

அண்ணி பழைய கிணற்றைத் தூர்வார ஆள் விட்டார். பாறைமாவு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. கடப்பாரையால் பெயர்த்துக் கூடை கூடையாக மேலே ஏற்றினார்கள். அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கிணற்றின் ஒரு பக்கத்து ஊற்றுக்கண் திறந்து தண்ணீர் ஏறியது. நான் பாட்டில் கொடுத்தனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணியே அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மாடிப்படி ஏற அவருக்கு நேரமாகும். அவருக்கும் கழுத்து இறுகிவிட்டது. பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். பாட்டிலை இரண்டு கையாலும் மேடத்திடம் கொடுத்தார்.

"எப்பங்கம்மா தெரியும்?"

"நாளைக்கி அண்ணாகிட்டச் சொல்லிடறனுங்க."

"நல்லதாச் சொல்லுங்க சாமி" என்றார் அண்ணி, என்னவோ மேடம் நினைத்தால் மாற்றிவிடலாம் என்பதுபோல.

தண்ணீர் லேசாகக் கலங்கி, கொஞ்சம் மஞ்சளாக இருந்தது. தூர்வாரிய கிணறு, செம்மண் கலந்திருக்கும் என்று நினைத்தோம். செலுத்துவதற்கு முன் ஊசியின் முனையில் மாட்டும் சின்ன வடிகட்டி வழியாகத் தண்ணீரைப் பிழிவது வழக்கம். அது தீர்ந்துபோய், புதியது வந்துசேரவில்லை. வேறு நாளாக இருந்தால் மேடம் காத்திருந்திருப்பார். கதவோரம் நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, சாதாரண வடிதாளில் இரண்டு முறை வடித்துச் செலுத்தினார்.

கோடு நேராகப் போனது. பிறகு எழுந்தது. முதல் மேடு. அது எழுந்துகொண்டே இருந்தது. திரையின் உயரம் போதாமல் மேலே முட்டியது.   அண்ணி இந்நேரம் இண்டூர் தாண்டியிருப்பார் என்று நினைத்தேன்.

மேடு இன்னும் முழுதாக இறங்கவில்லை. பம்பின் சத்தம் மாறியது. மூச்சு வாங்க ஏறுகிறவனின் நடை மாதிரிக் கனத்தது. திரையின் ஓரத்தில் அழுத்தத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பானது. பம்ப் தானாக நின்றது. குட்டி உருளையின் மூட்டுக்குக் கீழே ஒரு சொட்டு, விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தக் கணக்க நம்பாதீங்கண்ணா" என்றார் மேடம். "மிஷினு ஒழுங்கா இல்லாதப்ப அது சொல்றத எடுத்துக்கக் கூடாது."

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் அண்ணி போன் செய்தபோது, மிஷின் ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான். அந்த மேட்டைப் பார்த்தேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"ரிப்பேரா? எங்க தண்ணி வந்த நேரமா?" என்று அண்ணி சிரித்தார். சிரித்துவிட்டு, எப்போது சரியாகும் என்று கேட்டார்.

திங்கள்கிழமை மேடம் அந்த மூட்டை விரலால் முடுக்கினார். அந்த மூட்டுகளெல்லாம் பிளாஸ்டிக். கையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான், மேலே முடுக்கினால் மரை தேய்ந்து போய்விடும். சொட்டு நின்றது. பம்பைப் போட்டதும் அதற்கு முந்தின மூட்டில் ஈரம் கசிந்தது. அதையும் முடுக்கினால் அதற்கும் முந்தினதில். மெல்லிய காகிதத்தை ஒவ்வொரு மூட்டாக ஒற்றிக்கொண்டே போனேன். கசிந்து காய்ந்த இடங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது, எங்கள் கொட்டாயில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் பூப்பதைப் போலவே.

"ஒழுகறது நோவு இல்லீங்கண்ணா" என்றார் மேடம். "எங்கியோ அடச்சிருக்குது. போக வழியில்லாம தண்ணி எங்க தளர்ச்சியா இருக்குதோ அங்க பொத்துக்கிட்டு வருது. ஒழுகற எடத்தையே கட்டிக்கிட்டு இருந்தா வேலக்கி ஆவாது. அடப்பத் தேடணும்."

அடைப்பைத் தேடும் முறை வால்பக்கத்திலிருந்து தொடங்குவது. தண்ணீர் கடைசியாக வெளியேறும் இடத்தில் குழாயைக் கழற்றிவிட்டு, பம்பை மெதுவாக ஓட்டி, எண்ணைப் பார்ப்பது. எண் இறங்காவிட்டால் அடைப்பு இன்னும் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம். அடுத்ததைக் கழற்றுவது. மேடம் கழற்றினார். நான் அடியில் கிண்ணம் பிடித்தேன். வெளியே வரும் உப்பை அளக்கும் பெட்டியைக் கழற்றியும் எண் இறங்கவில்லை. பெரிய உருளையை எடுத்தும் இறங்கவில்லை. குட்டி உருளையைக் கழற்றியதும் எண் சரசரவென்று விழுந்தது. பம்ப் பழைய நடைக்கு வந்தது. காலும் தடியும்.

குட்டி உருளையின் வாயில், தண்ணீர் நுழையும் இடத்தில், சல்லடை போல ஒரு வில்லை இருக்கும். மேடம் அதைத் திறந்து வெள்ளைத்தாளில் தட்டினார். அது சிவந்திருந்தது.

"துருவா இருக்குமோ?" என்றார். பிறகு அவரே, "கெணத்துத் தண்ணில எங்க துரு?" என்றார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.  அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"அண்ணா, இது ஆரத்திங்க."

பார்த்ததும் எனக்கும் தெரிந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் வரும் சிவப்பு. கல்யாண வீட்டு வாசலில் தட்டில் சுற்றிக் கொட்டும் தண்ணீர். மிஷினில் ஓடும் சோடாத் தண்ணீருக்கும் சுண்ணாம்பின் குணம் உண்டு, மஞ்சள் பட்டால் சிவக்கும் என்றார் மேடம்.

"உங்க அண்ணிக்கிப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். மேடம் கேட்டார்: "அம்மா, நீங்க குடுத்த தண்ணில மஞ்சத்தூளு கெடந்துச்சா?"

"ஆமாங்கம்மா, கெடக்கும்" என்றார் அண்ணி, இதிலென்ன என்பதுபோல. "கங்கம்மாளுக்கு வெச்ச கொடத்துத் தண்ணிதான அது. மொத மொதல்ல மோந்த கொடத்துல மஞ்சளும் பாலும் ஊத்தி, கெணத்து மேட்டுல கும்புட்டுட்டு, அதுலருந்துதான் பாட்டலு புடிச்சன். வெள்ளிக்கெழம வரைக்கும் சாமி மாடத்துல வெச்சிருந்தன்."

"பாலா?" என்றார் மேடம்.

"பாலுங்க. எங்கூட்டு எருமப்பாலு. கடப்பாலு இல்லீங்க."

"சும்மா கெணத்துத் தண்ணிய மோந்து கொண்டாந்திருக்கலாமில்லீங்க."

அண்ணியின் குரலில் வருத்தம் தொனித்தது. "சாமிக்கிக் காட்டாத தண்ணிய எப்பிடிம்மா பரிட்சைக்கி வெக்கறது? மொதல்ல ஆத்தா ஒத்துக்கணும். அப்பறந்தான மிஷினு."

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போனை வைத்த பிறகு மேடம் விளக்கினார். பால் இரண்டு மூன்று நாள் மாடத்தில் இருந்து புளித்திருக்கும். பாலின் புளிப்பும் ஃப்ளோரைடு வரும் நேரத்திலேயேதான் வெளியே வரும். அன்றைக்கு எழுந்த மேட்டில் எது பால், எது தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. பாலிலிருந்த கொழுப்பும் மஞ்சளின் துகளும் சேர்ந்து சோடாத் தண்ணீரில் திரண்டு வில்லையை அடைத்திருக்கின்றன.

"வேற தண்ணி கொண்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி மிஷினக் கழுவணும்."

அலமாரியில் பழைய குட்டி உருளை ஒன்று இருந்தது. அதை மாட்டினார். பெரிய உருளைக்குள்ளும் கொஞ்சம் போயிருக்கும் என்று சோடாத் தண்ணீரை அந்த நாள் முழுக்க ஓடவிட்டோம். கழுவி முடிந்ததா என்று பார்க்க, சுத்தமான தண்ணீரைச் செலுத்திப் பார்ப்பது வழக்கம். எதுவும் இல்லாத தண்ணீர். கோடு நேராகவே போக வேண்டும். செலுத்தினார். கோடு நேராகப் போய், முதல் மேடு வரும் இடத்தில், சின்னதாக முதுகை வளைத்தது.

"இதுக்குப் பேரு கோஸ்ட் பீக்" என்றார் மேடம். "பேய் மேடுன்னு வெச்சிக்கங்க. நாம ஒன்னும் போடல. முன்னாடி போட்டது உள்ளாற தங்கிக்கிட்டு, கொஞ்சங் கொஞ்சமா எட்டிப் பாக்கும்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் திரையைப் பார்க்காமல் பாட்டில் கழுவப் போய்விட்டேன். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எதையும் உள்ளே விடவில்லை. ஆனால் அண்ணன் இருந்தார். மறுநாளும் செலுத்தினோம், இருந்தார். முந்தின நாளைவிடச் சிறியதாக. அதற்கடுத்த நாள் உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு. ஒவ்வொரு முறையும் நான் மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். போய்விடட்டும் என்றும் இருந்தது. போய்விட்டால் வேறெங்கே பார்ப்பது என்றும் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கோடு நேரான அன்று மேடம் ஊசி வடிகட்டிகளும் வந்துவிட்டதாகச் சொல்லி, கழுவிக் காயவைத்த பாட்டில் ஒன்றைக் கையில் கொடுத்தார். "நீங்களே போயி மோந்துக்கிட்டு வாங்க. சாமி கும்புட்டாலும் பாட்டலுக்கு வெளிய கும்புடச் சொல்லுங்க."

கொட்டாய்க்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கிணற்று மேட்டில் எதிர்வீட்டு மாமன் உட்கார்ந்திருந்தார். அண்ணன் வயதுக்காரர், அவருக்கும் இரண்டு முட்டியும் நீட்ட வராது. என்னைப் பார்த்ததும் சத்தமாகவே ஆரம்பித்தார்.

"வாடா மாப்ள. தண்ணிக்கி ஜாதகம் பாத்தாச்சா? செவ்வா தோசம் கீது இருக்குதாமா?"

நான் சிரித்துவைத்தேன்.

"இல்லடா, கேக்கறன். உங்கண்ணன் போரு போட்டப்ப ஊரே ஆடுச்சி. இப்ப ஊரே நொண்டுது. இந்தக் கெணத்தக் குடிச்சா என்ன பண்ணுமின்னு முன்னாடியே தெரிஞ்சிக்கிட்டா, அதுக்குத் தக்கன நடந்து பழகிக்குவமில்ல?"

அண்ணி வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். "மாமா, நீங்க பழகனது போதும்" என்றார். "வாய மூடிக்கிட்டு அந்தக் கவுத்த எடுங்க."

மாமன் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். அண்ணி என்னைப் பார்க்க உடம்போடு திரும்பினார். "தப்பு பண்ணிட்டனா தம்பி?"

"இல்லீங்கண்ணி."

"மிஷினு கெட்டுப்போச்சின்னு நெனச்சி எனக்குத் தூக்கமில்ல. கங்கம்மா கோவிச்சிக்கிட்டாளோன்னு."

"மிஷின் சரியாயிருச்சிங்க."

வாளியை உள்ளே விட்டேன். கிணற்றின் சுவரில் இன்னும் ஒரு பக்கம் சாம்பல் நிறத்தில் பாறைமாவு ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. குனிந்து பார்த்தபோது என் நிழல் தண்ணீரில் குனிந்தே நின்றது. வாளி விழுந்து அதைக் கலைத்தது. முதல் வாளியைக் கீழே கொட்டிவிட்டு, பாட்டிலை அடுத்த வாளித் தண்ணீரில் அலசி, நிரப்பி மூடினேன். அண்ணி கை கூப்பினார், பாட்டிலுக்கு வெளியே.

திரும்பும் வழியில் போர்க் குழாயைக் கடந்து வந்தேன். இரும்பு மூடி போட்டிருந்தார்கள். கிணற்றிலிருந்து அதற்கு எட்டி நடந்தால் சில அடிகள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேடம் தண்ணீரை வடிகட்டியில் பிழிந்தார். முதலில் சுத்தத் தண்ணீர், கோடு நேர். பிறகு ஃப்ளோரைடு அளவு தெரிந்த தண்ணீர், மேடு எவ்வளவு எழ வேண்டுமோ அவ்வளவு எழுந்தது. பிறகு கிணறு. பம்பின் சத்தம் சீராக இருந்தது. மூட்டுகளில் காகிதம் ஒற்றினேன், ஈரமில்லை. அதற்குமேல் எனக்குச் செய்ய வேலையில்லாமல் போய் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

முதல் மேடு வந்தது. சின்னது. வரப்பு மாதிரி எழுந்து இறங்கியது. மேடம் கணக்குப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை செலுத்தினார். அதே வரப்பு.

"அண்ணா, நல்ல தண்ணிங்க. தாராளமாக் குடிக்கலாம். கோடையில தண்ணி எறங்குனா மறுபடியும் ஒருக்காப் பாக்கணும். இப்பத்திக்கி ஒன்னுமில்ல. பொண்ணக் கூட்டியாரச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். படியிறங்கித் தெருவுக்கு வந்தேன். டீக்கடை வாசலில் நின்றுகொண்டு போன் செய்யப் பார்த்தேன்.  தண்ணீர் கெட்டது என்று வந்திருந்தால் எப்படிச் சொல்வது என்று பத்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்துவைத்திருந்தேன். நல்லது என்று வந்தால் எப்படிச் சொல்வது என்று யோசித்திருக்கவில்லை. போனில் சொல்லவில்லை. பஸ் ஏறினேன்.

அண்ணி மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தார். சந்தோஷப்படத்தான் முகம் போனது. பாதியில் நின்றுவிட்டது.

"நல்லதா?"

"நல்லதுங்கண்ணி."

"கொஞ்சங்கூட இல்லியா?"

"ரொம்பக் கொஞ்சம். குடிக்கலாமாம்."

அவர் கிணற்றுப் பக்கம் மெதுவாக உடம்பைத் திருப்பினார். அப்புறம் போர்ப் பக்கம். அப்புறம் மறுபடி கிணறு.

"இது இங்கியேதான இருந்துச்சி" என்றார். என்னிடம் சொல்லவில்லை. "மழ பேஞ்ச வருசமெல்லாம் ஊறிக்கிட்டுத்தான இருந்திருக்கும். மாவுக்கு அடியில."

கீழே கிடந்த சோளத்தட்டை எடுத்து மாட்டுக்கு முன்னால் போட்டேன்.  

"நாளைக்கே சேலத்துக்குச் சொல்லிடறன்" என்றார் பிறகு. முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாமன்கிட்டச் சொல்லாத. நாஞ் சொல்றன். இல்லன்னா ஊரெல்லாம் போயிச் சொல்லி ஆடும்."

தை பிறந்ததும் வளைகாப்புப் போட்டு மகளை அழைத்துவந்தார்கள். நானும் என் மனைவியும் போயிருந்தோம். கை நிறைய வளையலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கும்போது முந்தானையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. அந்தப் பற்கள் போர்த் தண்ணீரில் முளைத்தவை. வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டிய இடம் இன்னும் சிவப்பாக ஈரமாக இருந்தது. நான் அதைத் தாண்டி வந்தேன்.

அண்ணி கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மோந்துவந்து அவளிடம் நீட்டினார். அவள் அண்ணாந்து, சொம்பை உயர்த்திப் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டாள். கழுத்து பின்னால் வளைந்து, தொண்டை ஏறி ஏறி இறங்கியது. அங்கிருந்த பெரியவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களில் பாதிப் பேருக்கு அது முடியாது. 

குடித்து முடித்துச் சொம்பைக் கொடுத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, சப்புன்னு கெடக்குது. போருத் தண்ணியாட்டம் ருசியே இல்ல."

அண்ணி அவளை அடிக்கக் கை ஓங்குவதுபோல ஓங்கி, அப்படியே அவள் பின்கழுத்தில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. விரல்கள் எலும்பு எலும்பாகத் தடவிக் கீழே இறங்கின, எதையோ தேடுவதுபோல.

"பழகிக்கிலாம்" என்றார். "இன்னொரு சொம்பு குடி."